அரைப்பேர்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொமியூனிகேஷன் கடை. போட்டோக் கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் அளவுப் படம் எல்லாவற்றோடும் இப்போது ஒன்லைன் விண்ணப்பமும் அங்கேதான். ஒரு சனிக்கிழமை கொப்பி எடுக்கப் போனேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா நின்றார். பசறைப் பக்கத்துத் தோட்டம்; வேலையிலிருந்து நின்றுவிட்டவர். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மழைக்குப் பயந்து பொலித்தீன் உறைக்குள் இருந்தன. கணினிக்கு முன்னால் இருந்த தம்பி கேட்டான்:

“அம்மா, கடைசிப் பேரு என்னாங்க?”

“எனக்கு ஒரே பேருதான்பா.”

“அது மொதல் பேரு. கடைசிப் பேருன்னு ஒன்னு கேக்குதே.”

“எங்கப்பா பேரக் கேக்குதா, வூட்டுக்காரரு பேரக் கேக்குதா?”

தம்பிக்கும் தெரியவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டு அமத்தினான். சிவப்பாக ஒரு வரி வந்தது. மறுபடி அமத்தினான், மறுபடி சிவப்பு. பிறகு அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு புள்ளியை வைத்தான். போய்விட்டது. வீட்டு இலக்கம் கேட்ட இடத்தில் ஒரு சைபர். அதுவும் போய்விட்டது. “பாஸாயிருச்சும்மா” என்று சிரித்தான். அம்மா காசைக் கொடுத்துவிட்டுப் பசறை பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். தன் பெயருக்குப் பின்னால் இனிமேல் ஒரு புள்ளி இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஆளின் பெயர் மட்டுமல்ல, ஒரு நாள் வேலையும்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போனால் பேர் விழும். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். நூற்றாண்டுக்கும் மேலாக அரைப்பேரோடு மல்லுக்கட்டி வந்த சனத்துக்கு இப்போது கணினியும் அரைப்பேர்தான் போடுகிறது.

மென்பொருள் எழுதுகிறவர்கள் இத்தகைய சம்பவத்துக்கு ‘எதிர்பாராத உள்ளீடு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் எதிர்பாராதது? 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர். ஒற்றைப் பெயர், அப்பாவின் பெயரை முன்னால் வைக்கும் வழக்கம், இலக்கமில்லாத லயத்துக் காம்பிரா எல்லாம் இங்கே அன்றாடம். கொழும்பில் இருந்து நிரல் எழுதியவர் எதிர்பார்க்கவில்லை என்றால் அது அவருடைய குறை. ஆனால் சிவப்பு வரி வருவது அம்மாவின் முகத்துக்கு நேரே.

மென்பொருள் துறையின் மூலவர்களில் ஒருவர் பிறந்ததே இலங்கையில். டோனி ஹோர், 1934 ஜனவரியில் கொழும்பில் பிறந்தவர். தந்தை காலனித்துவ நிர்வாகத்தில் அதிகாரி. தாய் ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் மகள். கணினி மாணவர்கள் முதல் வருடத்தில் படிக்கும் குவிக்சோர்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை அவருடையது. 1969இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான், நிரல் சரியாக இயங்கும் என்பதைக் கணிதத் தேற்றம் போல நிறுவலாம் என்ற வழியைப் பலருக்கும் திறந்துவிட்டது. அதன் சாரம் எளிது. நிரல் தொடங்குமுன் இன்னது உண்மையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், முடியும்போது இன்னது உண்மையாக இருக்கும். முன் நிபந்தனை, வேலை, பின் நிபந்தனை. மூன்றையும் எழுதி வை, பிறகு நிறுவு.

எனக்கு இதில் பிடித்தது அந்த ‘அப்படி இருந்தால்’ தான். முன் நிபந்தனை பொய்த்துவிட்டால் இந்த நிறுவலின் வாக்குறுதி எதுவும் கிடையாது. எல்லா ஆளுக்கும் கடைசிப் பெயர் உண்டு என்பது ஒரு முன் நிபந்தனை. எல்லா வீட்டுக்கும் இலக்கம் உண்டு என்பது இன்னொன்று. நம் படிவங்களில் இவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டு நிரல் எழுதுகிறார்கள். எழுதி வைத்திருந்தால், பதுளையைத் தெரிந்த யாராவது ஒருவர் பார்த்து, “இது எங்க பக்கம் சரிவராதுங்களே” என்று சொல்லியிருப்பார்.

ஹோர் இன்னொரு விடயத்துக்காகவும் பேசப்படுகிறார். 1965இல் அல்கோல் டபிள்யூ மொழியில் ‘எதையும் சுட்டாத’ வெற்றுச் சுட்டியைச் சேர்த்தவர் அவர். 2009இல் ஒரு மேடையில் அதைத் தன்னுடைய நூறு கோடி டொலர் பிழை என்று அவரே ஒப்புக்கொண்டார். வெறுமையை எப்படிக் கையாள்வது என்பது அவ்வளவு சிக்கலான காரியம். ஒருவருக்குக் கடைசிப் பெயர் இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு, இன்னும் நிரப்பவில்லை என்பது வேறு. மூன்றுக்கும் ஒரே வெற்றுக் கட்டத்தைக் கொடுத்துவிட்டு, அதையும் விடக்கூடாது என்று தடுத்தால் புள்ளி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரருக்கு முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எப்.என்.யு. என்று போடுகிறார்கள், ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம். அதை நிஜப் பெயர் என்று நினைத்துக் கூப்பிடுகிறவர்களும் அங்கே உண்டு. நம் புள்ளி எவ்வளவோ பரவாயில்லை.

இனி எழுத்துக்கு வருவோம். தோட்டங்களில் அடிக்கடி கேட்கும் பெயர், லெட்சுமி. தமிழில் நாலு எழுத்து. யூனிகோட் கணக்கில் எட்டு: ல, கொம்பு, ட, புள்ளி, ச, உகரக் குறி, ம, இகரக் குறி. இணையத்தில் பரவலாகப் பயன்படும் யூடிஎப்-8 முறையில் சேமித்தால் 24 பைட். பெயருக்கு இருபது பைட் போதும் என்று ஒருவர் முடிவுகட்டியிருந்தால் லெட்சுமி ‘ம’ வருமுன்னே அறுந்துவிடுவாள். அதுவும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல். ‘எழுத்துகள் மட்டுமே அனுமதி’ என்று ஒரு காவல் போட்டால் அதுவும் வில்லங்கம். யூனிகோட் ஒழுங்கில் நம் புள்ளியும் கொம்பும் ‘எழுத்து’ வகைக்குள் வராது, ‘குறி’ வகை. ஆக, காவல்காரன் லெட்சுமியை வாசலிலேயே நிறுத்திவிடுவான். பொன்னம்மாவின் பாடு இன்னும் வேடிக்கை. ‘பொ’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு ஆட்கள்.

யூனிகோட் வருமுன் இலங்கையில் தமிழ் தட்டிய பலருக்கும் பாமினி எழுத்துரு பழக்கம். இப்போதும் பல அலுவலகங்களில் கடிதம் பாமினியில்தான். பாமினியில் எழுத்து மாறுவதில்லை, முகமூடிதான் மாறும். உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள். ‘இலங்கை’ என்று தட்டினால் கணினி பார்ப்பது காற்புள்ளி, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எப். நாட்டின் பெயரே காற்புள்ளியில் தொடங்குகிறது! காற்புள்ளியால் நெடுவரிசைகளைப் பிரிக்கும் அட்டவணைக் கோப்பில் இதைக் கவனமில்லாமல் கொட்டினால் இலங்கைக்கு முன்னால் ஒரு வெற்று நெடுவரிசை முளைக்கும், மிச்சமெல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும்; பிறந்த தேதி நிற்க வேண்டிய இடத்தில் முகவரி நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி பாமினியில் அரைப்புள்ளி என்பதால் முருகனும் செல்வமும் அரைப்புள்ளியில்தான் முடிவார்கள். தரவுத்தளங்களுக்குக் கட்டளையிடும் மொழியிலோ அரைப்புள்ளி என்றால் ‘கட்டளை முடிந்தது’. உள்ளே வந்த பெயரையும் தான் எழுதிய கட்டளையையும் ஒரே சரத்தில் ஒட்டித் தைக்கும் நிரலில் தகவல் கட்டளையாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. களவாட வருகிறவன் நுழைவதும் இதே ஓட்டை வழியாகத்தான். மருந்து பழையது: கட்டளை வேறு, தகவல் வேறு என்று தனித்தனிப் பாதையில் அனுப்புவது. ஒரு எழுத்தைத் தடைசெய்வதல்ல.

அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்ணும் ஒரு எழுத்தும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்ணானால் அந்த நாளோடு 500 கூட்டிக்கொள்ள வேண்டும். 2016 முதல் வரும் புதிய இலக்கம் பன்னிரண்டு எண். பழையதில் வரும் எழுத்து பெரும்பாலும் ‘வீ’, அபூர்வமாக ‘எக்ஸ்’. அபூர்வம் என்பதாலேயே சில நிரல்கள் எக்ஸை மறந்துவிடுகின்றன. அது போகட்டும், எனக்குச் சுவையாகப் படுவது பெப்ரவரிதான். இந்தக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள். 1979 மே தினத்தில் பிறந்த பெண்ணை எடுங்கள். 31, 29, 31, 30, அதோடு ஒன்று: 122. 500 கூட்டினால் 622. ஆனால் 1979 நெட்டாண்டு அல்ல. கணினி மொழிகளோடு வரும் ஆயத்த நாட்காட்டியிடம் அந்த ஆண்டின் 122ஆவது நாளைக் கேட்டால் மே 2 என்று சொல்லும். பிறப்புச் சான்றிதழில் மே 1, திரையில் மே 2. “தேதி பொருந்தவில்லை, திருத்திக்கொண்டு வாருங்கள்.” எதைத் திருத்துவது? மே தினத்தையா?

ஒரு நாள் வித்தியாசம் பெரிதா என்று கேட்கலாம். தோட்டத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு அலைந்தவர்களைக் கேளுங்கள். செக்ரோலில் கூப்பிடும் பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர். அடையாள அட்டையிலோ மலையகத்தவர் பலருக்கு நீண்ட காலம் பெயர் சிங்கள எழுத்தில் மட்டுமே இருந்தது. காதால் கேட்டதைச் சிங்களத்தில் எழுதி, அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதி, அதைப் பார்த்து மறுபடி தமிழில் எழுதினால் பாக்கியம் பக்கியம் ஆகிவிடும். அரைநூற்றாண்டு கொழுந்து பறித்தவர் தன் பணத்தை வாங்கத் தானே தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. அந்த முரண்பாட்டைக் கணினி உண்டாக்கவில்லை. முன்பு தோட்டத்துக் கிளாக்கர் முகத்தைப் பார்த்து, “அட, இது நம்ம மேல் கணக்கு ஆளுதானே” என்று ஒரு கையெழுத்தில் தீர்த்து வைத்ததைத் தீர்க்க ஆளில்லாமல் செய்தது மட்டும்தான் அது.

விடுபட்ட நிலைமையைப் பற்றி இந்தச் சமூகத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1964 ஒக்டோபர் 30 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தை ஒரு நிரலாக வாசித்துப் பாருங்கள். 525,000 பேர் என்றால் இந்தியா. 300,000 பேர் என்றால் இலங்கை. ஆட்கள் மொத்தம் 975,000. மீதி 150,000 பேர்? ‘பிறகு பார்ப்போம்.’ பத்து வருடம் கழித்து, 1974இல், ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘இவற்றில் எதுவும் இல்லை என்றால்’ என்ற வரியை எழுத மறந்த நிரலாளரை இதற்குப் பிறகு நான் கடிந்துகொள்வதில்லை. பெரிய மனிதர்களே மறந்திருக்கிறார்கள்.

எதிர்பாராத உள்ளீட்டைப் பற்றி மழைக் கதை ஒன்றும் உண்டு. 1988இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடிமழை இரவொன்றில் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு இணைந்திருந்தார். மழையால் கம்பியில் இரைச்சல். தட்டிய எழுத்துகளுக்கிடையே குப்பை எழுத்துகள் புகுந்தன. அவருக்கு வியப்பு அதிலல்ல. வருடக்கணக்காக எல்லோரும் நம்பிப் பயன்படுத்திய நிரல்கள் அந்தக் குப்பையை வாங்கியதும் படுத்துவிட்டன. மாணவர்களிடம் வேண்டுமென்றே குப்பை எழுத்துகளை அள்ளிப் போடச் சொன்னார். சோதித்தவற்றில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விழுந்தன. ‘ஃபஸ்’ சோதனை என்று இன்று உலகம் முழுக்கச் செய்யும் சோதனை அன்று பிறந்தது. ஐப்பசி மாதத்துப் பின்னேரங்களில் பதுளையில் இடி முழங்கி லைன் போகும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேராசிரியர் ஞாபகம் வரும். நம் அரச மென்பொருளைப் பதுளைக்குக் கொண்டுவந்து ஒரு மாரிகாலம் சோதித்தால் என்ன?

உள்ளீட்டை நம்பிக் கெட்டவர்களில் பணக்காரர்களும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு புதுக் கோப்பு போனது. அது இருபத்தொரு மதிப்புகளை எதிர்பார்த்தது. நிரல் கொடுத்தது இருபது. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப்போய் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றன. உலகம் முழுக்க விமானங்கள் தரையில் கிடந்தன. ஹோர் 1960களின் தொடக்கத்தில் எலியட் பிரதர்ஸ் நிறுவனத்துக்காகச் செய்த அல்கோல் மொழிபெயர்ப்பியோ, வரிசையில் எத்தனையாவது உருப்படியைக் கேட்டாலும் அது எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும். வேகம் குறைகிறதே, இந்தச் சோதனையை நிறுத்திவிடலாமா என்று பின்னர் வாடிக்கையாளர்களைக் கேட்டபோது வேண்டாம் என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்களாம். 1980இல் டியூரிங் விருது உரையில் அவரே சொன்ன கதை இது.

பிரித்தானியத் தபால் துறையின் ஹொரைசன் என்ற கணினி முறையின் விவகாரம் இன்னும் கொடியது. கணினிக் கணக்கில் காசு குறைந்தது என்று 1999க்குப் பிறகு 900க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். நம் தெற்காசியக்காரர்களும் அதில் நிறையப் பேர். கணினி சரி, ஆள்தான் பொய் என்று நீதிமன்றங்களே எடுத்துக்கொண்டன. அந்தத் தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக ரத்துச் செய்யும் சட்டம் வர 2024 ஆனது. “சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு” என்று நம் கவுண்டர்களில் கேட்கும் வாக்கியத்தின் ஆங்கில வடிவம் அதுதான்.

அப்படியானால் வந்ததையெல்லாம் உள்ளே விடச் சொல்கிறேனா? இல்லை. கொழுந்து மடுவத்துக்குப் போய் ஒருநாள் நில்லுங்கள். கூடையைக் கொட்டியதும் கங்காணி கையை விட்டுப் பார்ப்பார். முத்தல் இலை, காம்பு, கல் இருந்தால் அங்கேயே, பறித்தவரின் கண் முன்னால், எடுத்துக் காட்டித் தள்ளுவார். ஏன் தள்ளினார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இரும்புத் துண்டு ஒன்று ரோலருக்குள் போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் யாரும் கோபிப்பதில்லை. கோபம் வருவது தராசில். இருபது கிலோ காட்டும். துண்டில் பதினெட்டு விழும். தண்ணீருக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று யாரோ எங்கேயோ கழித்துவிட்டிருப்பார்கள். மலையகத்தில் இதற்காக நடந்த வாய்ச்சண்டைக்குக் கணக்கில்லை.

மென்பொருளிலும் நான் கேட்பது இந்த வித்தியாசத்தைத்தான். தள்ளுவதானால் வாசலில் தள்ளு, காரணத்தை வந்தவருடைய மொழியில் சொல். சந்தேகமாக இருந்தால் ஒதுக்கி வை, மனிதர் ஒருவர் பார்க்கட்டும். அறுக்காதே, கழிக்காதே, நீயாக ஒன்றைப் போட்டு நிரப்பாதே. ‘தவறான உள்ளீடு’ என்று ஆங்கிலத்தில் வரும் சிவப்பு வரி காரணம் ஆகாது. தமிழும் ஆட்சிமொழி என்பது பதின்மூன்றாவது திருத்தம் வந்த 1987 முதல் அரசியலமைப்பில் இருக்கிறது. பதுளை மாவட்டத்தில் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்ட பிரதேச செயலகங்களும் உண்டு. சிவப்பு வரிக்கு மட்டும் அது பொருந்தாதா?

பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்குகிறது. கணினி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் லயத்துப் பிள்ளைகளும் உண்டு. இறுதியாண்டுத் திட்டத்துக்கு இன்னொரு கைப்பேசிச் செயலி செய்வதற்குப் பதிலாக, அரச படிவங்கள் ஒவ்வொன்றும் மனதுக்குள் வைத்திருக்கும் முன் நிபந்தனைகளை எடுத்து எழுதச் சொன்னால் அதைவிட நல்ல ஆய்வு இருக்குமா என்று தெரியவில்லை.

அவசரமும் இருக்கிறது. 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தபோது ஆறு துறைகளில் 22 அளவுகோல்களை வைத்துக் கணினி குடும்பங்களைத் தரம் பிரித்தது. அடுத்து வருவது இந்திய நிதியுதவியோடு தயாராகும் தனித்துவ டிஜிட்டல் அடையாளம். விரல்ரேகை, கண், முகம் எல்லாம் அதில் போகும். அதற்கு அடிப்படையாகப் பேசப்படும் மொசிப் என்ற திறந்த மூலத் தளம் பெங்களூரில் உருவானது. ஒற்றைப் பெயர்க்காரர்கள் ஏராளமாக வாழும் ஊர்ப்பக்கம்தான். ஒற்றைப் பெயரை ஏற்கத் தளத்தால் முடியும். அதன் மேல் நாம் வைக்கும் கட்டத்துக்குச் சிவப்புக் கட்டாயக் குறி போடுகிறோமா என்பதுதான் கேள்வி. ஒரு அட்டையில் விழுந்த பிழை அந்த அட்டையோடு நிற்கும். எல்லா அலுவலகமும் ஒரே இடத்திலிருந்து எடுக்கத் தொடங்கிய பின் அந்தப் புள்ளி ஆஸ்பத்திரிக்கும் போகும், வங்கிக்கும் போகும், பரீட்சை மண்டபத்துக்கும் போகும்.

அன்று என் கொப்பிக்காகக் காத்திருந்தபோது தம்பியின் மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பியைப் பார்த்தேன். பக்கம் பக்கமாக அவன் கையெழுத்து. ஒரு அலுவலகத்தின் படிவத்துக்குக் கடைசிப் பெயரில் புள்ளி. இன்னொன்றுக்குப் புள்ளி எடுபடாது, சிறு கோடு. மூன்றாவதற்கு முதற்பெயரையே இரண்டு தரம். வீட்டு இலக்கத்துக்குச் சில இடத்தில் சைபர், சில இடத்தில் லயத்தின் எண். பாமினியில் தட்டிய பெயரை ஒட்டக் கூடாத இடங்களுக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம். மூன்று வருடமாக எழுதுகிறானாம். “இத யாராவது கேட்டு வந்தாங்களா தம்பி?” என்றேன்.

“ம்ஹூம். பக்கத்துக் கடக்காரன்தான் ஒருநாள் போட்டோ எடுத்துட்டுப் போனான்.”